எல்லாப் பழியும் குரோமோசோமுக்கா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். என் தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம். வயது 34. பேச்சு கொஞ்சம் குழறும், ஆனாலும் வீட்டில் அதிகம் பேசுகிறவன் அவன்தான். பக்கத்துத் தெருவில் ஒரு லுங்கி கம்பெனியில் மடிப்பு வேலை பழகி, பல வருடமாகப் போய்வந்தான். போன வருடம் அம்மா தவறிவிட்டார். பயந்துவிடுவான் என்று அன்றைக்கு அவனை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

இப்போது ஆறேழு மாதமாக ஆளே மாறிவிட்டான். கூப்பிட்டால் திரும்புவதில்லை. உடம்பு போட்டுவிட்டது. பகலில் உட்கார்ந்தபடியே தூங்குகிறான். ராத்திரி குறட்டை பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது. வேலைக்குப் போக மறுக்கிறான். வைகாசியில் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் வாசலைத் தாண்டிப் போனபோதுகூட எழுந்து வரவில்லை. ஒரு டாக்டரிடம் காட்டினோம். "இந்த மாதிரி பசங்க வயசாக வயசாக இப்படித்தாம்மா" என்று அனுப்பிவிட்டார். சித்தப்பாவோ, "இதுங்க முப்பதுக்கு மேல தாங்காது, இத்தினி நாள் கீறதே பெரிசு" என்கிறார். இவர்களுக்கு மறதி நோய் சீக்கிரம் வரும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். இது அதுதானா? நான் என்ன செய்ய வேண்டும்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

சித்தப்பாவின் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். ஒரு காலத்தில் அது உண்மையாகவே இருந்தது. அமெரிக்காவிலேயே 1983-ல் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் சுமார் 25 வயதுதான். இன்று அங்கே 60-ஐ ஒட்டி வந்துவிட்டது. மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்களில் 21-ஆவது இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதுதான் டவுன் சிண்ட்ரோமுக்குக் காரணம் என்று 1959-ல் பாரிஸில் லெஜூன் என்ற மருத்துவரின் குழுவினர் அறிவித்தார்கள். அந்த மூன்றாவதை நீக்க இன்றுவரை மருந்து கிடையாது. பிறகு எப்படி ஆயுள் இரண்டு மடங்கைத் தாண்டியது? இவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு உண்டு. அதற்குக் குழந்தையிலேயே அறுவை சிகிச்சை செய்ய ஆரம்பித்தார்கள். விடுதிகளில் கொண்டுபோய் அடைப்பதை விட்டு வீட்டோடு வளர்த்தார்கள். சளி, காய்ச்சல், நிமோனியா வந்தால் மற்றவர்களுக்குச் செய்வதைப் போலவே இவர்களுக்கும் வைத்தியம் பார்த்தார்கள். குரோமோசோம் அப்படியேதான் இருந்தது. கவனிப்புதான் மாறியது.

ஆகவே எனக்குச் சித்தப்பாவைவிட அந்த டாக்டர் மீதுதான் கோபம். வேறொரு 34 வயது ஆள் இதே தொல்லைகளோடு போயிருந்தால் ரத்தப் பரிசோதனைக்காவது எழுதிக் கொடுத்திருப்பார். முகத்தைப் பார்த்ததுமே நோயைக் கண்டுபிடித்துவிட்ட நினைப்பில், அதற்குமேல் தேடாமல் விடுவது உலகம் முழுக்க உள்ள பழக்கம். இவர்களுடைய உடல்நலத்துக்குப் பெரிய கெடுதல் இதுதான் என்பேன். நான் மருத்துவன் இல்லை. என் பெரியம்மா மகள் ஒருத்தி டவுன் சிண்ட்ரோமோடு வளர்ந்தவள், அவளோடு ஆஸ்பத்திரி வராந்தாக்களில் உட்கார்ந்திருந்தவன் என்ற அளவில் எழுதுகிறேன். மருந்தை டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும். என்னென்ன கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் தைராய்டு. இவர்களுக்குத் தைராய்டு சுரப்பு குறைவது மிகச் சாதாரணம். வருடத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும் என்பது பொதுவான வழிமுறை. சுரப்பு குறைந்தால் என்ன ஆகும்? உடம்பு போடும், மந்தமாக இருக்கும், தோல் வறளும், மலச்சிக்கல் வரும், குரல் கரகரக்கும், எதிலும் ஆர்வம் போய்விடும். இந்தப் பட்டியலைப் பார்த்தால் நம் ஊரில் இப்படிப்பட்ட பிள்ளைகளின் 'குணம்' என்று சொல்வதில் பாதி அப்படியே இருக்கிறது! சாதாரண ரத்தப் பரிசோதனைதான். வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியிலேயே பார்க்கலாம்.

கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் காதுக்குள் பாருங்கள். இவர்களுக்குக் காதுத் துவாரம் குறுகலாக இருக்கும், குறும்பி சேர்ந்து அடைத்துக்கொள்ளும். நடுக்காதில் நீர் கோப்பதும் உண்டு. அதனால் காது கேட்கும் திறன் குறைவது மிகப் பரவலானது. என் பெரியம்மா மகள் 'பிடிவாதக்காரி' ஆகிவிட்டாள் என்று வீடே பேசிக்கொண்டிருந்தது. காது டாக்டர் சுத்தம் செய்துவிட்ட அன்று சாயங்காலமே டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லிச் சண்டை போட்டாள். கண்ணையும் அதோடு பார்த்துவிடுங்கள், கண்புரை இவர்களுக்கு இள வயதிலேயே வரும். படியிறங்கத் தயங்குகிறாரா, இருட்டிய பிறகு வெளியே வர மறுக்கிறாரா என்று கவனியுங்கள். பல்லும் ஈறும்கூட. வலி இருந்தாலும் இன்ன இடத்தில் வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் சாப்பாட்டையோ வேலையையோ மறுப்பார்கள்.

குறட்டையை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. முகத்தின் நடுப்பகுதி சிறியது, வாய்க்குள் நாக்குக்கு இடம் போதாது, தசையும் தளர்வு. தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருவது இவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இருக்கிறது. எடை கூடினால் இன்னும் மோசமாகும். ராத்திரி முழுக்கப் படுத்திருந்தும் தூங்காத ஆள் பகலில் உட்கார்ந்தபடி தூங்குவார், எரிந்து விழுவார், மறப்பார். அவர் தூங்கும்போது இரண்டு நிமிடம் செல்போனில் வீடியோ எடுங்கள். குறட்டை திடீரென்று நின்று, கொஞ்ச நேரம் கழித்துத் திணறலோடு மறுபடி தொடங்குகிறதா? குனிந்து மடங்கியோ உட்கார்ந்தோ தூங்குகிறாரா? டாக்டரிடம் வாயால் விளக்குவதைவிட அந்த வீடியோவைக் காட்டுவது மேல். தூக்கப் பரிசோதனை வேலூரிலேயே செய்கிறார்கள்.

எடை விஷயத்தில் அக்கம்பக்கத்தையும் கொஞ்சம் கண்டியுங்கள். டீக்கடையில் போண்டா, கல்யாண வீட்டில் கூட ஒரு ஜாங்கிரி, எல்லாம் "பாவம்" என்று கொடுப்பது. இவர்களுடைய உடம்பு ஓய்வில் செலவழிக்கும் சக்தி மற்றவர்களைவிடக் குறைவு. வேலைக்குப் போவதும் நின்றுவிட்டதால் தின்றதெல்லாம் உடம்பிலேயே தங்குகிறது.

ஒன்றில் மட்டும் காத்திருக்கக் கூடாது. நடை திடீரென்று தள்ளாடினால், கை கால் பலம் குறைந்தால், கழுத்து வலியால் தலையைச் சாய்த்தே வைத்திருந்தால், இதுவரை இல்லாமல் உடுப்பிலேயே சிறுநீர் போனால், அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். கழுத்தின் மேல்பகுதியில் உள்ள இரண்டு எலும்புகள் விலகித் தண்டுவடத்தை அழுத்துவது இவர்களுக்கு நேரக்கூடியது.

மறதி நோய் பற்றி அந்த வீடியோ சொன்னது பொய்யில்லை. மூளையில் படியும் அமிலாய்டு புரதத்துக்கான மரபணு இருப்பதும் 21-ஆம் குரோமோசோமில்தான். மூன்று பிரதி இருப்பதால் 40 வயதுக்குள் அந்தப் படிவு ஏறக்குறைய எல்லோருக்கும் வந்துவிடுகிறது. ஆனால் படிவு வேறு, நோய் வேறு. அறிகுறிகள் பெரும்பாலும் 50-ஐ ஒட்டித்தான் தெரியும். 34-ல் அது மிக அரிது. மற்றதையெல்லாம் பார்த்துத் தீர்த்த பிறகு கடைசியாக யோசிக்க வேண்டியது அது.

இனி, நீங்கள் ஒரே வரியில் தாண்டிப்போன விஷயம். அம்மா. 33 வருடம் தலைவாரிவிட்ட, சோறு போட்ட ஆள் ஒருநாள் திடீரென்று இல்லை. அவர் அத்தை வீட்டிலிருந்து திரும்பி வரும்போது கட்டில் காலி, சுவரில் மாலை போட்ட படம். அம்மா எங்கே போனார் என்று யாராவது அவரிடம் உட்கார்ந்து சொன்னீர்களா? நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினீர்கள், நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். ஆனால் அழுவதற்கான அந்த நாளும் பதினாறாம் நாள் காரியமும் உங்களுக்குக் கிடைத்தன. அவருக்குக் கிடைக்கவில்லை. இவர்களுடைய துக்கம் பல மாதம் கழித்து, பேச்சு நின்று, சாப்பாடு மாறி, வேலை வெறுத்து வெளிப்படுவதுண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும், சிகிச்சையில் குணமும் ஆகும்.

ஆகவே சொல்லுங்கள். சாமிகிட்டப் போய்ட்டாங்க, ஊருக்குப் போய்ட்டாங்க என்று சுற்றாமல், அம்மா செத்துப்போய்விட்டார், இனி வரமாட்டார் என்று நேராக. அடக்கம் செய்த இடமென்றால் அங்கே அழைத்துப்போங்கள். வருஷ திதி வரும், அதில் அவர் கையாலும் எள்ளும் தண்ணீரும் விடட்டும், மகன்தானே. அம்மாவின் பழைய புடவை ஒன்றை அவரிடமே கொடுத்துவிடுங்கள். தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தால் பதற வேண்டாம், இவர்களில் நிறையப் பேருக்கு அது யோசிக்கும் முறை. ஆனால் பேச்சு பயந்ததாக, கோபமாக மாறியிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மனநல டாக்டர் தேவைப்பட்டால் வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) மனநல மையம் இருக்கிறது. பாகாயம் என்றதும் உறவுக்காரர்கள் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும். 1957-ல் தொடங்கிய அந்த மையம், நோயாளியைத் தனியே பூட்டி வைக்காமல் குடும்பத்தாரையும் கூடவே தங்கவைத்து வைத்தியம் பார்ப்பதற்குப் பெயர் பெற்றது.

எங்கே போனாலும் ஒரு தாளில் இரண்டு பத்தி எழுதி எடுத்துப்போங்கள்: ஒரு வருடத்துக்கு முன் அவர் எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார். லுங்கி மடித்த கதையைக் கட்டாயம் எழுதுங்கள். அது இல்லாவிட்டால் டாக்டருக்கு அவர் எப்போதும் இப்படியே இருந்ததாகத்தான் தோன்றும். டாக்டர் உங்களைப் பார்த்தே பேசினால், "அவரையே கேளுங்க சார், மெதுவா சொல்வார்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொள்ளுங்கள். உங்களுக்கு இதுதான் கஷ்டமாக இருக்கும்.

காகித வேலையும் ஒன்று பாக்கி. அறிவுத்திறன் குறைபாடு போன்றவை உள்ளவர்களுக்கான 1999-ஆம் வருட தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, 18 வயது தாண்டிய இவருக்குச் சட்டப்படியான காப்பாளராக நீங்கள் விண்ணப்பிக்கலாம். கலெக்டர் தலைமையிலான குழுதான் முடிவு செய்யும். 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு நம் பழைய வடஆற்காட்டுக்காரர்களுக்கு எந்தக் கலெக்டர் என்ற குழப்பம் தீரவில்லை. குடியாத்தம் வேலூரோடுதான் இருக்கிறது. அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் வருடம் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்குக் கிடைக்கும், கேட்டுப் பாருங்கள்.

தைராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தால், காலையில் வெறும் வயிற்றில் போட்டு அரைமணி நேரமாவது டீ கொடுக்கக் கூடாது. ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்து அளவைச் சரிசெய்வார்கள். அதற்குள் பலன் தெரியவில்லை என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அன்புடன்.