பள்ளத்தாக்கில் தனியே ஓடுவது

அன்புள்ள அக்கா,

நகரியிலிருந்து எழுதுகிறேன். விசைத்தறிக் குடும்பம். நான் மட்டும் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். சென்னையில் மாரத்தான் ஓடியிருக்கிறேன். சாலையில் 50 கிலோமீட்டர் ஓட்டமும் முடித்திருக்கிறேன். வருகிற அக்டோபரில் அலுவலகம் என்னை இரண்டு மாதம் அரிசோனாவின் பீனிக்ஸ் நகருக்கு அனுப்புகிறது. அங்கிருந்து கிராண்ட் கேன்யனுக்குக் காரில் போய்விடலாம். தென் விளிம்பில் இறங்கி, கொலராடோ ஆற்றைக் கடந்து, வட விளிம்பு வரை ஏறி, அதே நாளில் திரும்பும் ஓட்டத்தைத் தனியாக முடிக்க வேண்டும் என்பது என் ஆசை. பயிற்சிக்காக நாகலாபுரம் மலை ஓடைகளில், வேலைக்குப் போகும் முன், இருட்டோடு தனியே ஓடலாம் என்றிருக்கிறேன். எவ்வளவு தண்ணீர் சுமக்க வேண்டும்? எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும்? அம்மா பயப்படுவார் என்பதால் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. முடித்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம்.

கே., நகரி

அன்புள்ள தம்பி,

கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்க வைத்தது அதுதான்.

தனியே ஓட விரும்புவதை நான் மதிக்கிறேன். பேச்சுத்துணை இல்லாமல், தன் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டு நெடுந்தூரம் போவதில் ஒரு நிறைவு இருக்கிறது. ஆனால் தனியே ஓடுகிறவர் எந்தப் பாதையில் இறங்கினார், எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்பது ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். 2004 ஜூலையில் இதே கிராண்ட் கேன்யனில் ஓர் இளம்பெண் வெப்பத்திலும் நீரிழப்பிலும் இறந்துபோனார். அந்த ஆண்டு பாஸ்டன் மாரத்தானைக் கடும் வெயிலில் மூன்று மணி நேரத்தைச் சற்றே தாண்டி ஓடி முடித்தவர் அவர். இருவராகத்தான் புறப்பட்டார்கள். நடுவில் பிரிந்தார்கள். அவர் எங்கே என்ற கேள்வி மறுநாள்தான் எழுந்தது. உடல் வலுவில் உங்களுக்கும் எனக்கும் எட்டாத உயரத்தில் இருந்தவருக்கு நேர்ந்தது இது.

இனி இடத்தைப் பற்றி. மலையில் ஏற்றம் முதலில் வருகிறது. முடியாவிட்டால் திரும்பி இறங்கிவிடலாம். பள்ளத்தாக்கில் எல்லாம் தலைகீழ். விடியற்காலைக் குளிரில், புதுத் தெம்போடு, இறக்கத்தில் ஓடுகிறோம். களைப்பு தெரிய ஆரம்பிக்கும்போது ஏற்றம் முழுவதும் பாக்கி இருக்கிறது, வெயிலும் ஏறியிருக்கிறது. தென் விளிம்பிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் சவுத் கைபாப் பாதை தொடங்கும் இடம் சுமார் 2,200 மீட்டர் உயரம். ஆறு சுமார் 750 மீட்டரில் ஓடுகிறது. வட விளிம்போ 2,500 மீட்டர். போய்வர மொத்தம் 68 கிலோமீட்டருக்கு அருகில் வரும். ஏற வேண்டியது 3,200 மீட்டருக்கு மேல். அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறியிருப்பீர்கள். ஆற்றிலிருந்து தென் விளிம்புக்கு ஏறுவது மட்டுமே அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அது நாளின் கடைசியில் வருகிறது.

நான் அங்கே இறங்கியது ஆறு வரைதான். இரவு கீழே தங்கி மறுநாள் ஏறினேன். மண் அரிக்காமல் இருக்கக் குறுக்கே கட்டைகள் பதித்த படிகள். ஓட்டக்காரரின் கால் நீளத்துக்கு அவை ஒருநாளும் பொருந்துவதில்லை. இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டபடியே எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. அந்தச் சேதம் உடனே தெரியாது, ஏறும்போதுதான் காட்டிக்கொடுக்கும். ஆகவே உங்கள் பயிற்சியில் முக்கால் பங்கு இறங்குவதற்காக இருக்கட்டும். தட்டையான சாலையில் ஓடிய 50 கிலோமீட்டர் இதற்கு உதவாது.

ஆனால் அந்தப் பயிற்சியை நாகலாபுரம் ஓடைகளில், தனியாக, இருட்டில் செய்யாதீர்கள். வழுக்குப்பாறைகளும் மழைக்காலத்தில் திடீரென்று பெருகும் நீரும் ஒரு காரணம். அது மட்டுமென்றால் பகலில் துணையோடு போங்கள் என்றிருப்பேன். பெரிய காரணத்தை எல்லையில் வாழும் நாம் மறக்கக் கூடாது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சுட்டுக்கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் கூலிக்குப் போனவர்கள், ஏழைகள். அந்தச் செய்தியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. செம்மரம் இருக்கும் காட்டில், விடியும் முன், முதுகுப்பையோடு தனியாக ஓடுகிற ஒருவர் யார் என்பதை விளக்க அவருக்கு வாய்ப்புக் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வனத்துறையின் அனுமதி இல்லாமல் உள்ளே காலடி வைக்காதீர்கள்.

பதிலாக ஏலகிரிக்குப் போங்கள். ரயிலில் ஜோலார்பேட்டை வரை போய்விடலாம். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைச்சாலை. எல்லோரும் கீழிருந்து மேலே ஓடுகிறார்கள். நீங்கள் மேலே இரவு தங்குங்கள். விடியலில் அடிவாரம் வரை இறங்குங்கள். வெயில் ஏறிய பிறகு மேலே வாருங்கள். உடம்பு பழகிய பின் ஒரே நாளில் இரண்டு முறை. அப்போதுதான் உங்கள் கால்களுக்குப் பள்ளத்தாக்கின் வரிசை புரியும். எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி சாலையின் வலது ஓரமாகவே ஓடுங்கள். வளைவுகளில் பஸ்கள் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும்.

தண்ணீரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சவுத் கைபாப் பாதையில் ஒரு சொட்டும் கிடையாது, நிழலும் இல்லை. கீழே ஆற்றின் அருகே உள்ள ஃபாண்டம் ராஞ்ச் என்ற தங்குமிடத்திலும் வட பாதையில் சில இடங்களிலும் குழாய்கள் உண்டு. அவற்றுக்கு நீர் தரும் பெருங்குழாய் 1960-களில் போடப்பட்டது. 2010-க்குப் பிறகு 85 முறைக்கு மேல் பெரிய உடைப்புகள் கண்டது. 2025 ஜூலையில் வட விளிம்பில் எரிந்த காட்டுத்தீ அங்கிருந்த பழைய விடுதியையே அழித்துவிட்டது. எந்தப் பாதை திறந்திருக்கிறது, எந்தக் குழாயில் நீர் வருகிறது என்பதைப் புறப்படும் வாரம் பூங்காவின் அறிவிப்பில் பாருங்கள், முந்தின நாள் மறுபடியும் பாருங்கள். தென் விளிம்பிலிருந்து மூன்று லிட்டரோடு இறங்குங்கள். ஓடை நீரைச் சுத்திகரிக்கும் வடிகட்டியும் பையில் இருக்கட்டும்.

நகரி வெயிலில் வளர்ந்த உங்களுக்கு வெப்பம் புதிதில்லை. வறட்சிதான் புதிது. நம் ஊரில் வியர்வை வழிந்து சட்டையை நனைத்து எச்சரிக்கும். அங்கே வழியும் முன்பே காய்ந்துவிடும், சட்டையில் உப்பு மட்டும் வெள்ளையாக நிற்கும். பயந்துபோய் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், மனக்குழப்பம் வரும். நீரிழப்பின் அறிகுறிகளும் இவையேதான், அதனால்தான் ஆபத்து. தாகத்துக்குக் குடியுங்கள், குடிக்கும்போதெல்லாம் உப்புள்ளதாக ஏதாவது சாப்பிடுங்கள். வலி மாத்திரை வேண்டாம். நெடுந்தூர ஓட்டத்தில் அது சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும். அக்டோபர் நடுவில் விளிம்பில் விடியற்காலை 2 டிகிரிக்கு இறங்கலாம், அடியில் பகலில் 30-ஐத் தொடும். கையுறையும் காற்றைத் தடுக்கும் மெல்லிய சட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு ஏறும்போது அவை மீண்டும் தேவைப்படும்.

வழியில் ஒரு சிறு வேண்டுகோள். திருமலை மலைச்சாலையில், பழைய கிரானைட்டின் மேல் நகரி குவார்ட்சைட் என்று உங்கள் ஊர்ப் பெயரே சூட்டப்பட்ட பாறை அமர்ந்திருக்கும் கோடு தெரியும். இரண்டுக்கும் நடுவே பல பத்துக் கோடி ஆண்டுகளின் பதிவு காணாமல் போயிருக்கிறது. கிராண்ட் கேன்யனின் அடியிலும் அப்படியொரு கோடு உண்டு. அதற்குக் கீழே 170 கோடி ஆண்டுப் பழமையான கரும்பாறை. ஓடுகிறவர்கள் பலரும் கடிகாரத்தைப் பார்த்தபடி அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நீங்கள் நின்று பாருங்கள். கோவேறு கழுதைகள் வந்தாலும் நிற்கத்தான் வேண்டும். ஓட்டுபவர் சொல்லும் பக்கம் ஒதுங்கி, அவை நன்றாகக் கடந்த பிறகே நகருங்கள்.

வட விளிம்பு வரை போகலாமா? முதல் முறையே வேண்டாம் என்பது என் எண்ணம். வட பாதையில் காட்டன்வுட் முகாம் இருக்கிறது, தென் விளிம்பிலிருந்து சுமார் 23 கிலோமீட்டர். அங்கே திரும்பினால் 46 கிலோமீட்டர், பெரிய ஏற்றம் ஒன்றே ஒன்று. அதற்கு அப்பால் இன்னும் 11 கிலோமீட்டரில் 1,260 மீட்டர் ஏற வேண்டும். அக்டோபர் நடுவில் அங்கே பகல் பதினொரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். முழுத்தூரம் ஓடினால் உங்கள் கடைசி ஏற்றம் இருட்டில்தான் நடக்கும். காலை நான்கு மணிக்கு நெற்றிவிளக்கோடு புறப்படுங்கள். எட்டரைக்குள் காட்டன்வுட்டைத் தொடாவிட்டால் எவ்வளவு தெம்பு இருந்தாலும் திரும்புவது என்று வீட்டிலேயே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அங்கே நின்று யோசித்தால் ஆசைதான் பதில் சொல்லும்.

அந்தத் தாளில் பாதையின் பெயர், ஒவ்வோர் இடத்தையும் தொடும் நேரம், பூங்காவின் அவசர எண், எத்தனை மணி வரை செய்தி வராவிட்டால் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் இருக்கட்டும். பள்ளத்தாக்கில் செல்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது; செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியை வாடகைக்காவது எடுங்கள். அரிசோனா நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. நீங்கள் புறப்படும் நான்கு மணி நகரியில் மாலை நாலரை. நீங்கள் வெயிலில் ஏறும்போது வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஆகவே ஒரு பிரதி பீனிக்ஸில் உடன் வேலை செய்யும், அன்று விழித்திருக்கக்கூடிய ஒருவரிடம் இருக்கட்டும். இன்னொன்றை அம்மாவிடம் கொடுத்து, ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டுங்கள். பயப்படுவார். அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தயாராக இல்லையென்றால் திட்டத்திலும் அந்த இடம் காலியாக இருக்கிறது. அதை நிரப்பிவிட்டு எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா