வயர்லெஸ் இணைய இணைப்பில் போர்ட் ஃபார்வர்டிங் ஏன் வேலை செய்யவில்லை?

ரவுட்டரில் 8080 போர்ட்டைக் கேமராவுக்குத் திருப்பிவிட்டும் வெளியூரிலிருந்து திறக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். வெளியிலிருந்து அந்த எண்ணுக்கு வரும் இணைப்பைக் கேமராவுக்கு அனுப்பும் இந்த போர்ட் ஃபார்வர்டிங் விதியை மாற்றி மாற்றி எழுதும் முன், ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் உள்ள வான் (WAN) ஐபியும், அதாவது ரவுட்டரின் இணையப் பக்க முகவரியும், "என் ஐபி என்ன" என்று இணையத்தில் தேடினால் வரும் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

ஒன்றாக இருந்தால் நல்லது. கேமராவின் உள் ஐபி மாறாதபடி ரவுட்டரில் ஒதுக்கிவிட்டு, வீட்டு வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். பல ரவுட்டர்களில் வீட்டுக்குள்ளிருந்து பொது ஐபியை (இணையத்தில் தெரியும் உங்கள் முகவரியை) திறக்க முடியாது.

வேறாக இருந்து, வான் ஐபி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், அது சிஜிநாட் (CGNAT), அதாவது இணைய நிறுவனமே நடத்தும் முகவரிப் பகிர்வு. ஐபிவி4 எனும் பழைய வகை இணைய முகவரிகள் போதாததால் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கிறார்கள். இதற்கென்றே 2012-ல் அந்த வரிசை ஒதுக்கப்பட்டது. வெளியிலிருந்து வரும் இணைப்பு இணைய நிறுவனத்தின் கருவியிலேயே நின்றுவிடும். உங்கள் ரவுட்டரில் எதை மாற்றினாலும் பயனில்லை.

192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால், மொட்டை மாடி ஆன்டெனா பெட்டியே இன்னொரு ரவுட்டராக இயங்கலாம். அதை பிரிட்ஜ் முறைக்கு, அதாவது ரவுட்டராக இயங்காமல் இணைப்பை அப்படியே கடத்திவிடும் முறைக்கு, மாற்றித் தர நிறுவனத்திடம் சொல்லுங்கள். சில நிறுவனங்கள் இந்த எண்களிலும் சிஜிநாட் நடத்துகின்றன, அதையும் கேட்டுவிடுங்கள்.

சிஜிநாட் என்றால் கட்டணம் கட்டிப் பொது ஐபி வாங்கலாம். புதிய வகை முகவரியான ஐபிவி6 இருந்தால், ரவுட்டரின் ஃபயர்வாலில் (வெளி இணைப்புகளைத் தடுக்கும் காவலில்) வழி திறக்கலாம். கேமராவுக்கு நான் சொல்வது, உங்கள் கருவிகளை மட்டும் தனி வலையாக இணைக்கும் விபிஎன் சேவையான டெயில்ஸ்கேல்தான்: இணைப்பு உள்ளிருந்தே வெளியே போவதால் சிஜிநாட் தடுக்காது, கேமராவும் ஊருக்கே திறந்து கிடக்காது.