விற்ற காருக்கு வந்த சம்மன்

கேள்வி: வக்கீல் ஐயா, நான் ஓய்வு பெற்ற ஆசிரியர், ஈரோடு மாவட்டம். என்னுடைய 2013 மாடல் வேகன் ஆர் காரை 2023 மே மாதம் ஒரு புரோக்கர் மூலமாக நாமக்கல் பக்கத்து ஆள் ஒருவருக்கு 2,15,000 ரூபாய்க்கு விற்றேன். டெலிவரி நோட் எழுதி வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பெயர் மாற்றுகிற செலவு என்று புரோக்கர் தனியாக 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். போன வாரம் நாமக்கல் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. 2024 ஆகஸ்டில் அந்தக் கார் மோதி பைக்கில் போனவருக்குக் கால் முறிந்துவிட்டதாம், 12 லட்சம் கேட்கிறார்கள், நான் இரண்டாம் எதிர்மனுதாரர். ஆர்.சி. புக்கில் பெயர் மாறவே இல்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. என் பாலிசி 2023 அக்டோபரோடு முடிந்துவிட்டது. டெலிவரி நோட்டைக் காட்டினால் என்னை விட்டுவிடுவார்களா? இன்னொன்று, என் மகன் பழைய கார் ஒன்று பார்த்து வைத்திருக்கிறான். வாங்கச் சொல்லவே பயமாக இருக்கிறது.

பதில்: சம்மனில் வாய்தா தேதி என்ன என்று முதலில் பாருங்கள். அந்தத் தேதிக்கு முன்பாக நாமக்கல்லில் ஒரு வக்கீலைப் பிடித்து வக்காலத்து போட்டுவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். "நான்தான் விற்றுவிட்டேனே, எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்" என்று சம்மனை மடித்து பீரோவில் வைத்துவிடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அப்படி வைத்த ஒருவர் என்னிடம் வந்தபோது அவர் மேல் எக்ஸ்பார்ட்டியாக (ஆஜராகாததால் அவர் இல்லாமலேயே) தீர்ப்பாகி ஒன்றரை வருடம் ஓடியிருந்தது, வட்டி ஒரு பக்கம் ஏறிக்கொண்டிருந்தது, வருவாய்த் துறையிலிருந்து ஜப்தி பேச்சு வந்த பிறகுதான் பீரோவைத் திறந்திருக்கிறார். விபத்து இழப்பீட்டுத் தொகையை நிலவரி பாக்கி மாதிரி கலெக்டர் மூலமாக வசூலிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது என்பது நிறையப் பேருக்குத் தெரியாது.

இனி உங்கள் கேள்வி. டெலிவரி நோட்டைக் காட்டினால் விடுவார்களா? அடிபட்டவரைப் பொறுத்தவரை, விடமாட்டார்கள். கசப்பான பதில்தான், ஆனால் இதைத் தெரிந்துகொண்டு கோர்ட்டுக்குப் போவது நல்லது.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 'உரிமையாளர்' என்றால் யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவர்தான், பிரிவு 2(30) அப்படித்தான் சொல்கிறது. பணம் கைமாறி, சாவியும் கைமாறி, வண்டி வேறு ஊரில் ஓடிக்கொண்டிருந்தாலும் ஆர்.சி.யில் உங்கள் பெயர் இருக்கிறவரை அடிபட்டவருக்கு நீங்கள்தான் ஓனர். 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதை அழுத்தமாகவே சொன்னது. அந்த வழக்கிலும் கார் ஒருவர் கையிலிருந்து இன்னொருவருக்கு, அவரிடமிருந்து மற்றொருவருக்கு என்று போய்க்கொண்டே இருந்தது, பதிவு மட்டும் முதல் ஆள் பெயரிலேயே நின்றது, 2009-இல் விபத்து நடந்தது. காலை ஒடித்துக்கொண்டு படுத்திருப்பவன் இந்த வண்டி யார் யார் கைக்குப் போனது என்று தேடி அலைய முடியாது, புத்தகத்தில் யார் பெயரோ அவரே பொறுப்பு என்பதுதான் அதன் சாரம். 2001-லேயே டி.வி. ஜோஸ் வழக்கிலும் இதே கருத்துதான். ஆகவே "வண்டியை விற்றாயிற்று" என்ற ஒரே வரியோடு எதிர்வுரை போட்டால் அது நிற்காது.

அப்படியானால் டெலிவரி நோட் வெறும் காகிதமா? இல்லை. அதை எடுத்து நிதானமாக ஒரு தடவை படியுங்கள். இருபது ரூபாய்ப் பத்திரத்திலோ புரோக்கர் அச்சடித்து வைத்திருக்கும் தாளிலோ "இன்று மாலை 4.10 மணி முதல் மேற்படி வாகனத்தால் ஏற்படும் விபத்து, அபராதம், வழக்கு அனைத்துக்கும் நானே பொறுப்பு" என்று ஒரு வரி இருக்கும், கீழே வாங்கியவர் கையெழுத்து, சில சமயம் ரெவின்யூ ஸ்டாம்ப் மேலேயே. அந்த வரி வாங்கியவர் உங்களுக்குக் கொடுத்த வாக்கு. அடிபட்டவரை அது கட்டுப்படுத்தாது, உங்களையும் வாங்கியவரையும் கட்டுப்படுத்தும். நீங்கள் ஒரு ரூபாய் கட்ட நேர்ந்தாலும் அதை அவரிடமிருந்து திரும்ப வசூலிக்க இதுதான் ஆதாரம், அந்த வழக்குக்கு நீங்கள் பணம் கட்டிய நாளிலிருந்து 3 வருடம் அவகாசம் உண்டு. ஒரிஜினலைப் பத்திரமாக வையுங்கள், யார் கேட்டாலும் ஜெராக்ஸ்தான்.

ஆனால் அந்த நிலைக்கு முன்னால் ஒன்று இருக்கிறது, இந்த வழக்கின் உயிர்நாடியே அதுதான்: விபத்து நடந்த அன்று வண்டிக்கு தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் (வண்டியால் அடிபடும் வெளியாளுக்கு ஈடு கட்டுவது) இருந்ததா?

உங்கள் பாலிசி முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்தவரை முடிந்தது, அவ்வளவுதான். வாங்கியவர் புதுப்பித்திருக்கலாம் அல்லவா? இப்போதெல்லாம் வண்டி எண்ணைத் தட்டினாலே ஆன்லைனில் பாலிசி போட முடிகிறது, ஆர்.சி. உங்கள் பெயரில் இருந்தால் பாலிசியும் உங்கள் பெயரிலேயே வந்து விழும், உங்களுக்கு ஒரு மெசேஜ்கூட வராது. சம்மனோடு மனு நகல் வந்திருக்கும், அதில் மூன்றாம் எதிர்மனுதாரர் என்று ஏதாவது இன்சூரன்ஸ் கம்பெனி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பாதி பாரம் அங்கேயே இறங்கிவிடும். இல்லாவிட்டாலும் உடனே சோர்ந்துவிட வேண்டாம், பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். அப்புறம் வக்கீல் மூலமாக எஃப்.ஐ.ஆர்., மோட்டார் வாகன ஆய்வாளரின் ரிப்போர்ட் இரண்டுக்கும் நகல் வாங்குங்கள். ஆய்வாளர் ரிப்போர்ட்டில் பாலிசி விவரமும் ஓட்டியவரின் லைசென்ஸ் விவரமும் வழக்கமாக இருக்கும். பாலிசி உயிரோடு இருந்தது என்று தெரிந்தால் அந்தக் கம்பெனியை எதிர்மனுதாரராகச் சேர்க்கச் சொல்லி நீங்களே மனு போடலாம்.

பாலிசி இருந்தால் மட்டும் போதாது, லைசென்ஸையும் பாருங்கள். ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லையென்றால் கோர்ட்டுகள் வழக்கமாக என்ன செய்கின்றன என்றால், இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் அடிபட்டவருக்குப் பணத்தைக் கட்டட்டும், பிறகு ஓனரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவு போடுகின்றன. அந்த ஓனர் யார் என்று திரும்பவும் சொல்ல வேண்டியதில்லை.

பாலிசியே இல்லை என்று உறுதியாகிவிட்டால் வேறு விதமாக ஆட வேண்டியிருக்கும். வாங்கியவரை இந்த வழக்கிலேயே எதிர்மனுதாரராகச் சேர்க்க மனு போடுங்கள் (ஓட்டியவரே அவர்தான் என்றால் முதல் எதிர்மனுதாரராக ஏற்கனவே இருப்பார், பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள்). விபத்துக்குப் பிறகு வண்டி போலீஸ் ஸ்டேஷனில் நின்றிருக்கும், அதை மீட்க யாரோ ஒருவர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போட்டிருப்பார். அந்த மனுவில் "வண்டி என் அனுபவத்தில் இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது யார்? அந்த நகல் கிடைத்தால் தங்கம், பிற்பாடு "எனக்கும் அந்த வண்டிக்கும் சம்பந்தமில்லை" என்று அவர் பேச முடியாது. ஒருவேளை உங்கள் பெயரில் யாராவது கையெழுத்துப் போட்டு மீட்டிருந்தால் அது தனி கிரிமினல் விவகாரம், அதையும் விடக்கூடாது.

விற்றது, வாங்கியது பற்றியே முழு எதிர்வுரையையும் எழுதிவிடாதீர்கள், இதில் வக்கீல்களே சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். விபத்து யார் தவறு, பைக் எந்தப் பக்கம் வந்தது, அவரிடம் லைசென்ஸ் இருந்ததா, மெடிக்கல் போர்டு ஊனம் எத்தனை சதவீதம் என்று சொல்கிறது, வருமானத்துக்கு என்ன சான்று, இதையெல்லாம் மறுத்துக் கேள்வி கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு. மனுவில் 12 லட்சம் என்று போடுவதும் கோர்ட் கொடுப்பதும் ஒன்றல்ல. லோக் அதாலத்தில் பேசி முடிக்கவும் வழி இருக்கிறது, வாங்கியவர் ஓரளவு வசதியான ஆளாக இருந்தால் அவரை உட்காரவைத்துப் பணத்தைப் போடச் சொல்வது வருடக்கணக்கில் அலைவதைவிட எவ்வளவோ மேல். தீர்ப்பு பாதகமாக வந்தாலும் 90 நாளுக்குள் ஹைகோர்ட்டில் அப்பீல் போகலாம், ஆனால் 25,000 ரூபாய் அல்லது தீர்ப்புத் தொகையில் பாதி, எது குறைவோ அதை முதலில் கட்ட வேண்டும்.

புரோக்கர் விஷயம். பெயர் மாற்றத்துக்கென்று 3,000 வாங்கியதற்கு ஆதாரம் இருக்கிறதா? ஜிபேயில் அனுப்பியிருந்தால் நல்லது, "நேம் டிரான்ஸ்ஃபர் ஆச்சா" என்று வாட்ஸ்அப்பில் நீங்கள் கேட்டு அவர் "அடுத்த வாரம் சார்" என்று பதில் போட்டிருந்தால் அதைவிட நல்லது. காசு வாங்கிக்கொண்டு வேலையைச் செய்யாதது சேவைக் குறைபாடு, நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2 வருடக் கெடு எந்த நாளிலிருந்து என்று எதிர்த்தரப்பு கிளப்பும், அதனால் தாமதிக்க வேண்டாம். அந்த போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம், அந்த வாட்ஸ்அப் பேச்சைக் கோர்ட்டில் காட்ட அதற்கான சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.

அதே சமயம் உங்கள் பக்கத் தவறையும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். படிவம் 29 கொடுக்க வேண்டியது விற்றவர். ஒரே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பிரிவு 50 சொல்கிறது, வாங்குகிறவருக்கு 30 நாள். ஆனால் நம்மூரில் பழக்கம் என்ன? வாங்குகிறவர் பெயரே எழுதாத வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுப் புரோக்கர் கையில் கொடுத்துவிடுகிறோம், அவர் அதை டேஷ்போர்டில் போட்டு வைத்து அடுத்த ஆள், அதற்கடுத்த ஆள் என்று கைமாற்றிக்கொண்டே போகிறார். இரண்டு பேர் கைமாறினாலும் பெயர் மாற்றச் செலவு ஒன்றுதான், அவருக்கு அது மிச்சம்.

அதனால் இந்த வாரமே இன்னொரு வேலையும் செய்யுங்கள். கார் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, நாளைக்கே இன்னொரு விபத்து நடந்தால் அதற்கும் நீங்கள்தான். விற்ற தேதி, வாங்கியவர் பெயர், முகவரி எல்லாம் எழுதி டெலிவரி நோட் நகலோடு உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையை வைத்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். வாங்கியவருக்கு வக்கீல் நோட்டீஸ், உடனே பெயர் மாற்று, இன்சூரன்ஸ் போடு என்று. இதெல்லாம் பழைய விபத்திலிருந்து உங்களை விடுவிக்காது, இனி வரப்போவதற்குத்தான். உங்கள் பெயரில் இ-சலான் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இனி மகன் பார்த்து வைத்திருக்கும் கார். தாராளமாக வாங்கட்டும், பயப்பட ஒன்றுமில்லை. விற்கிறவர் பெயரும் ஆர்.சி.யில் உள்ள பெயரும் ஒன்றாக இல்லையென்றால் மட்டும் பேச்சை அங்கேயே நிறுத்திவிடச் சொல்லுங்கள், நடுவில் ஒருவர் பெயர் மாற்றாமல் ஓட்டியிருக்கிறார் என்று அர்த்தம். ஃபைனான்ஸ் பாக்கி இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் (என்.ஓ.சி.), ஆர்.சி.யில் இருக்கும் கடன் குறிப்பை நீக்கும் படிவம் 35-உம் வேண்டும். பழைய கார் கடையில் எடுப்பதாக இருந்தால் ஆர்.டி.ஓ. கொடுத்த அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி, அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைத்துப் படிவம் 29சி வழியாக ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்துவிட்டால் அதன் பிறகு டீலரே ஓனராகக் கருதப்படுவார். நீங்கள் 2023 மேயில் அப்படி ஒரு டீலரிடம் விட்டிருந்தால் இந்தச் சம்மன் உங்களுக்கு வந்திருக்காது.

ஆர்.சி. மாறினால் எல்லாம் மாறிவிட்டது என்று மகன் இருந்துவிடக் கூடாது. பழைய பாலிசியின் தேர்ட் பார்ட்டி பகுதி சட்டப்படி அவனுக்கு வந்துவிடும், ஆனால் சொந்த வண்டிக்கு ஆகும் சேதம் வராது, 1995-லேயே கம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. வாங்கிய 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதி பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளட்டும், நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத வருடங்களுக்கான பிரீமியம் தள்ளுபடி) விற்றவரோடு போய்விடும் என்பதால் கொஞ்சம் பிரீமியம் கூடக் கட்ட வேண்டியிருக்கும்.

முழுப் பணத்தையும் வண்டி எடுக்கும் அன்றே கொடுத்துவிடாமல் ஒரு இருபதாயிரத்தைப் பிடித்து வைத்து, புது ஆர்.சி. கைக்கு வந்த பிறகு கொடுக்கிறேன் என்று டெலிவரி நோட்டிலேயே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். வாங்கும் நேரத்தையும் மணி, நிமிடத்தோடு எழுதட்டும், அந்த நேரம் வரை விழுந்த அபராதம் விற்றவருடையது.