பிரான்ஸ் சின்ன ஊர்களில் கடை எப்போது திறக்கும், எப்போது பூட்டும்? கேள்வி பதில்

கேள்வி: அக்கா, பரிஸிலிருந்து லிமோஜ் பக்கம் ஒரு சின்ன ஊருக்கு மாறியிருக்கிறோம். பகல் பன்னிரண்டரைக்குப் போனால் கடைத்தெரு முழுக்கப் பூட்டு. ஏன் இப்படி?

பதில்: சாப்பாட்டு நேரம் தங்கச்சி. முதலாளியும் ஒரு வேலையாளுமே நிற்கும் கடைகளில் மாற்றி விட ஆளில்லை. 12 அல்லது 12.30க்குப் பூட்டி, 2 அல்லது 2.30க்குத் திறந்து, மாலை 7 வரை நடத்துவார்கள். 11.55க்கு உள்ளே போய் ஆறுதலாகத் தெரிவு செய்யாதீர்கள், அவர்களுக்கும் பசிக்கும். கதவில் ஒட்டிய தாளில் 'மார்தி – சாம்தி, 9–12.30, 14.30–19' என்றிருந்தால் செவ்வாய் முதல் சனி வரை, மதியம் இரண்டு மணி நேரம் பூட்டு. 'நொன்-ஸ்டொப்' என்றால் மதியமும் உண்டு. 'சோஃப்' என்ற சொல்லைத் தவறவிடாதீர்கள். அதற்குப் பின்னால் வருவது விதிவிலக்கு; 'சோஃப் லண்டி' என்றால் திங்கள் தவிர.

கேள்வி: திங்கட்கிழமை வங்கியும் பூட்டா?

பதில்: சனிக்கிழமை திறக்கும் கிளைகள் பல திங்கள் விடுமுறை எடுக்கும். காசோலை போடுவதைச் செவ்வாய்க்குத் தள்ளுங்கள். மேரி (ஊராட்சி மன்ற) அலுவலகம் வாரத்தில் சில அரைநாட்களே திறக்கும் ஊர்களும் உண்டு. கிளம்புமுன் ஒரு அழைப்பு எடுப்பது நல்லது.

கேள்வி: ஞாயிறு பாண் வாங்க முடியுமா?

பதில்: காலையில் முடியும். பேக்கரிகள் பெரும்பாலும் மதியம் ஒரு மணிக்குள் பூட்டிவிடும். வாரம் ஒரு நாள் கட்டாயமாகப் பூட்ட வேண்டுமென்று பல மாவட்டங்களில் ஆணை உண்டு. ஊரில் இரண்டு பேக்கரி இருந்தால் ஒன்று திங்கள், மற்றது புதன் என்று பிரித்துக்கொள்வார்கள். ஆகஸ்ட் விடுமுறையையும் அப்படியே. இரண்டின் ஓய்வுநாளையும் குறித்து வைத்தால் பாணில்லாத நாளே வராது. ஞாயிறு பின்னேரம் சூப்பர்மார்க்கெட்டில் பணியாளர் வேலை செய்வதற்கு 1 மணிக்குப் பின் பொதுவாகச் சட்டத் தடை. சில இடங்களில் அதன்பின் தானியங்கிக் காசுப்பெட்டி மட்டும் இயங்கும்.

கேள்வி: இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மருந்துக்கு எங்கே போவது?

பதில்: 3237க்கு அழையுங்கள், அன்றைய பணிமுறையிலுள்ள பாமசியைச் சொல்வார்கள். உங்கள் ஊர்ப் பாமசிக் கதவிலும் அந்தப் பெயர் ஒட்டியிருக்கும். நேரே போய்க் கதவைத் தட்டாதீர்கள்: சில இடங்களில் முதலில் காவல்துறைக்கு அழைத்தால்தான் திறப்பார்கள். மருத்துவர் சீட்டைக் கையில் எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: இரவு பெட்ரோல்?

பதில்: சூப்பர்மார்க்கெட் பம்ப், அட்டையால் 24 மணி நேரமும். நிரப்புமுன் ஒரு பெரிய தொகையைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும். கணக்கில் காசு குறைவாக இருந்தால் 20 யூரோவுக்கு அடிக்க வந்தாலும் அட்டையை ஏற்காமல் விடலாம்.

கேள்வி: ஸ்ட்ராஸ்பூர் பக்கத்து ஊரில் டிசம்பர் 26 எல்லாம் பூட்டு என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை. ஸ்ட்ராஸ்பூர் இருக்கும் அல்சாஸ், பக்கத்து மொசெல் பகுதி 1871 முதல் 1918 வரை ஜெர்மனியோடு இருந்தது. அந்தக் காலச் சட்டங்கள் சில இன்னும் நடைமுறையில் உள்ளன. டிசம்பர் 26 அங்கே விடுமுறை. புராட்டஸ்தாந்து தேவாலயம் உள்ள ஊர்களில் பெரிய வெள்ளியும் விடுமுறை. ஞாயிறு கட்டுப்பாடும் அங்கே இறுக்கம். நத்தார் சாமான்களோடு 26ஆம் தேதிக்கு வேண்டியதையும் 24 காலையிலேயே வாங்கிவிடுங்கள்.