பிளாஷ் அடிக்குதில்லையோ? கேளுங்கோ

யாழ்ப்பாணத்தில கலியாணம், சாமத்தியவீடு எண்டு இருபது வருசமாய்ப் படம் பிடிக்கிறன். வெளிப் பிளாஷைப் பற்றி என்னவும் கேளுங்கோ எண்டு சொன்னது என்ர பிழைதான்.

சுன்னாகம்: அண்ணை, பிளாஷ் போட்டால் படத்தில ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழுது. பிளாஷ் பழுதோ?

பழுதில்லை. ஷற்றர் வேகத்தை 1/200க்கு இறக்குங்கோ. ஷற்றர் எண்டது ரெண்டு திரை. ஒண்டு திறக்க, மற்றது பின்னால வந்து மூடும். 1/200 வரைக்கும், படம் பதியிற சென்சர் முழுக்கத் திறந்து நிக்கிற ஒரு கணம் இருக்கு. பிளாஷ் அதுக்குள்ள அடிச்சிட்டுப் போயிடும். 1/1000 இல அந்தக் கணமே இல்லை, ஒரு இடுக்குத்தான் ஓடும். மூடிக்கிடந்த இடம் கறுப்பு. சில கமராவில 1/250 வரைக்கும் போகலாம். அதுக்கு மேல வேணுமெண்டால் ஹைஸ்பீட் சிங்க், அதாவது இடுக்கு ஓடி முடியும்வரை விடாமல் அடிக்கிற வசதி, இருக்கிற பிளாஷ் வேணும். வெளிச்சமும் நல்லாய்க் குறையும்.

கொக்குவில்: அப்பா பிலிம் காலத்தில பாவிச்ச விவிற்றார் 283 பிளாஷ் இருக்கு. என்ர டிஜிற்றல் கெனனில பூட்டலாமோ?

தம்பி, பூட்டாதேங்கோ. முதல்ல அதின்ர வோல்ற்றை அளந்து பாருங்கோ.

கமராவுக்கு மேல, பிளாஷ் பூட்டுற ஹொட் ஷூவில, நடுவில ஒரு வட்டப் பொட்டு இருக்கல்லோ, அது வெறும் சுவிச். ஷற்றர் திறந்த உடன கமரா அந்தப் பொட்டையும் ஓர விளிம்பையும் தொடுத்துவிடும், பிளாஷ் அடிக்கும். சுத்தியிருக்கிற சின்னப் பொட்டுகள்தான் ரீரீஎல் கதைக்கிறது, அதாவது எவ்வளவு வெளிச்சம் வேணுமெண்டு கமரா பிளாஷுக்குச் சொல்றது. அது கொம்பனிக்குக் கொம்பனி வேற. பழைய பிலிம் கமராவில அந்தச் சுவிச் தகடு. டிஜிற்றலில எலெக்ரோனிக், வோல்ற் கூடினால் எரிஞ்சுபோகும். பழைய 283களில சிலதின்ர பொட்டில 200 வோல்ற்றுக்கு மேல நிக்கும். இப்பத்தைப் பிளாஷ்களில ஒரு சில வோல்ற்தான்.

அளக்கிற விதம்: பற்றரி போட்டு, ரெடி லைற் பத்தும்வரை பொறுங்கோ. மல்ரிமீற்றரை டிசி 500க்கு மேல வையுங்கோ. சிவப்புக் கம்பி பிளாஷின்ர காலில நடுப்பொட்டில, கறுப்பு ஓரத் தகட்டில. விரல் படக்கூடாது. இலக்கத்தை எனக்குச் சொல்லுங்கோ.

இது வாசிச்சுப் படிச்சதில்லை. ஒரு சாமத்தியவீட்டில, ஆலாத்தி எடுக்கிற நேரம், ஆரோ தந்த பழைய பிளாஷைப் பூட்டினன். மூண்டு தரம் அடிச்சுது. பிறகு அந்தக் கமராவில எந்தப் பிளாஷும் அடிக்கேல்லை.

வட்டுக்கோட்டை: சும்மா பெடியனை வெருட்டாதேங்கோ. நான் ரெண்டு வருசமாய் 283 பூட்டித்தான் பிடிக்கிறன். ஒண்டும் நடக்கேல்லை.

உங்கட கமரா என்ன?

வட்டுக்கோட்டை: நிக்கோன்.

அதை முதலே சொல்லியிருந்தால் ரெண்டு பேரும் தேத்தண்ணி குடிச்சிருக்கலாம். நிக்கோன் தன்ர புத்தகத்திலயே 250 வோல்ற் வரைக்கும் தாங்கும் எண்டு எழுதியிருக்கு. கெனன் புத்தகம் உயர் வோல்ற்றேஜ் பிளாஷைப் பூட்டாதே எண்டுது. தம்பியின்ரது கெனன். நீங்களும் ஒருக்கால் அளந்து பாருங்கோ, 250 தாண்டுதோ எண்டு.

இணுவில்: இடையில, கம்பியில்லாமல் பிளாஷை அடிக்க வைக்கிற ரேடியோ ட்ரிகர் போட்டால்?

போடலாம். ரிசீவருக்கும் ஒரு எல்லை இருக்கு. எரிஞ்சாலும் கமரா தப்பும்.

வட்டுக்கோட்டை: அளக்கிறதெல்லாம் வேலை மினைக்கேடு.

சரி, விடுங்கோ.

பருத்தித்துறை: ரெண்டாவது பிளாஷை மணவறைக்குப் பின்னால ஸ்லேவில, முதல் பிளாஷின்ர வெளிச்சத்தைக் கண்டு அடிக்கிற மாதிரி, வைச்சன். கண்ணுக்கு அடிக்கிறது தெரியுது, படத்தில அதின்ர வெளிச்சம் இல்லை.

நல்ல கேள்வி. உங்கட முதல் பிளாஷ் ரீரீஎல்லில நிக்குது. படம் பிடிக்க முன்னம் அது ஒரு சின்ன மின்னல் அடிச்சு வெளிச்சத்தை அளக்கும். பின்னால நிக்கிறது அதைக் கண்டே அடிச்சிட்டு ஓய்ஞ்சுபோகும். முதல் பிளாஷை மனுவலில போடுங்கோ. இல்லாட்டி ஸ்லேவை எஸ்2 இல வையுங்கோ. அது முதல் மின்னலை விட்டிட்டு அடுத்ததுக்கு அடிக்கும்.

மானிப்பாய்: படத்தில கறுப்புக் கோடு வருது.

1/200. மேல பாருங்கோ.

சாவகச்சேரி: ஹோலில கூரைக்கு அடிச்சுப் பிடிச்சால் இருட்டாய் வருது, அண்ணை.

கூரை எவ்வளவு உயரம், என்ன நிறம்? பிளாஷின்ர பலத்தைச் சொல்ற கைட் நம்பரை அப்பேச்சரால (லென்ஸ் திறப்பின்ர எஃப் இலக்கம்) பிரிச்சால் தூரம் மீற்றரில வரும், கமராவின்ர ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100 இல நிண்டால். 36 எண்டால் எஃப்/4 இல 9 மீற்றர். அது நேர அடிச்சால். கூரைக்குப் போய்த் திரும்பி வாற வழி நீளம், கூரையும் பாதியைக் குடிச்சுப்போடும். ஐஎஸ்ஓவை 1600க்கு ஏத்துங்கோ. தூரம் நாலு மடங்கு. ஷற்றரை 1/60க்கு விட்டால் குத்துவிளக்கின்ர மஞ்சளும் படத்தில நிக்கும். பச்சைப் பெயின்ற் கூரையெண்டால் கூரையை மறந்திடுங்கோ, பொம்பிளையின்ர முகம் பச்சையாய் வரும்.

நெல்லியடி: கெனன் 250டி. வேற கொம்பனி மனுவல் பிளாஷ் அடிக்கவே மாட்டுதாம்.

ஷூவைப் பாருங்கோ. நடுப்பொட்டே இல்லை. கெனன் எடுத்துப்போட்டுது. கெனன் ரீரீஎல் கதைக்கிற பிளாஷ் வாங்குங்கோ.

உரும்பிராய்: அடிக்காத பிளாஷைக் கழட்டித் திருத்தலாமோ?

வேண்டாம். உள்ள கப்பாசிற்றரில 300 வோல்ற் அளவில நிக்கும், பற்றரி கழட்டினாப் பிறகும்.

கோப்பாய்: படத்தில கீழ்ப்பக்கம் கறுப்பாய்...

1/200!

கொக்குவில்: அண்ணை, அளந்திட்டன். 214 காட்டுது.

கழட்டி அப்பாட்டக் குடுங்கோ. பிலிம் கமராவும் வைச்சிருப்பார்.