பெண் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதற்காக அந்நிய ராணுவம் ஒரு நாட்டிலேயே இருக்கலாமா?

ஆப்கானிஸ்தானை வைத்துத்தான் கேட்டிருக்கிறீர்கள், 2021-ல் அமெரிக்கப் படை கிளம்பி தாலிபான் திரும்ப ஆட்சிக்கு வராமல் இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் இன்றைக்கும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பார்கள் இல்லையா என்று. காபூல், ஹெராத் மாதிரி ஊர்களிலாவது போய்க்கொண்டிருப்பார்கள், அதை நான் மறுக்கவில்லை. படை அங்கே இருந்ததே அதற்காகத்தான் என்று சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ள முடியாதுங்க.

2001 அக்டோபரில் படை போனது அல்கொய்தாவைத் தேடி. அடுத்த மாதமே அதிபரின் மனைவி லாரா புஷ் ரேடியோவில் பேசி, இது பெண்களின் உரிமைக்கான போராட்டமும்தான் என்றார். அப்போது அது கூடச் சேர்த்த காரணம். வருஷங்கள் ஓடி, ஐரோப்பாவில் மக்கள் 'நம்ம பையன்கள் எதுக்கு அங்கே சாகணும்' என்று கேட்க ஆரம்பித்ததும் அதைத் தூக்கி முன்னால் வைத்தார்கள். நான் கதை கட்டவில்லை, 2010 மார்ச்சில் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ எழுதிய ஒரு குறிப்பு, ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸில் வெளிவந்தது. பிரான்சிலும் ஜெர்மனியிலும் போருக்கு ஆதரவு சரிகிறது, ஆப்கான் பெண்களையே பேச வைத்தால் ஐரோப்பியப் பெண்களிடம் நன்றாக எடுபடும் என்று அதில் யோசனை சொல்லியிருக்கிறார்கள்.

இருப்பதற்குக் காரணம் பெண்கல்வி என்றால், கிளம்பும்போது அதுதானே முதல் நிபந்தனையாக இருந்திருக்க வேண்டும்? 2020 பிப்ரவரி 29 அன்று தோஹாவில் தாலிபானோடு போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். படை எப்போது கிளம்பும், கைதிகள் எத்தனை பேர், எல்லாம் இருக்கிறது. பெண்கள் என்ற பேச்சே கிடையாது.

அமெரிக்காவை மட்டும் சொல்லி என்ன. 1978-ல் ஆட்சியைப் பிடித்த ஆப்கான் கம்யூனிஸ்டுகளும் பெண்களுக்குக் கட்டாய எழுத்தறிவு வகுப்பு என்று கிளம்பினார்கள், அடுத்த மார்ச்சில் ஹெராத்தில் வெடித்த கலகத்துக்கு அதுவும் ஒரு காரணம், அந்த வருஷக் கடைசியில் சோவியத் படை உள்ளே வந்தது. அப்போது சோவியத் படையை எதிர்த்துச் சண்டை போட்டவர்களுக்குத் துப்பாக்கி கொடுத்தது அமெரிக்கா. துப்பாக்கி மட்டுமா, ஆப்கான் அகதிப் பிள்ளைகளுக்கு அமெரிக்க உதவிப் பணத்தில் அச்சடித்த கணக்குப் புத்தகத்தில் தோட்டாவை வைத்துக் கூட்டல் சொல்லிக் கொடுத்தார்கள்.

எங்கள் அம்மா ஊர் ஈரோடு மாவட்டம் கோபி பக்கம். ஊருக்குள் ஐந்தாவது வரைதான், அதற்கு மேல் வாய்க்கால் மேட்டிலேயே நடந்து அடுத்த ஊருக்குப் போகணும், இரண்டு பக்கமும் ஆள் உயரக் கரும்புக்காடு. 'பொட்டப்புள்ளைய எப்படி அனுப்பறது' என்று அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, அம்மாவை நிறுத்திவிட்டார். அதே அப்புச்சிதான், சின்னம்மா காலத்தில் பக்கத்திலேயே உயர்நிலைப் பள்ளி வந்து, ஒரு டீச்சரம்மா வீடு வீடாக வந்து திண்ணையில் உட்கார்ந்து பேசியதும், மறு பேச்சு இல்லாமல் அனுப்பினார். மனசு மாறிவிட்டாரா என்றால் அதெல்லாம் இல்லை, அம்மிச்சியை, எங்கள் பாட்டியை, அவர் பேசின பேச்சு கடைசி வரை அப்படியேதான் இருந்தது. பள்ளிக்கூடம் கிட்டே வந்தது, அவ்வளவுதான்.

இது கோபிக்கு மட்டும் உள்ள சங்கதி இல்லை. ஆப்கானிஸ்தானின் கோர் மாகாணத்தில் 2007-ல் இரண்டு ஆய்வாளர்கள் சில கிராமங்களில் ஊருக்குள்ளேயே வகுப்பு நடத்த வைத்து, வகுப்பு இல்லாத கிராமங்களோடு ஒப்பிட்டார்கள். பள்ளியில் சேர்ந்த பெண் பிள்ளைகளின் விகிதம் 52 சதவீதப் புள்ளிகள் கூடியது, பையன்களுக்கும் பெண்களுக்கும் இருந்த இடைவெளி ஏறக்குறைய காணாமல் போனது. தாலிபானின் முதல் ஆட்சியிலேயே ஹெராத்தில் தையல் வகுப்பு என்று பெயர் பண்ணிக்கொண்டு பெண்கள் கூடி இலக்கியம் படித்தார்கள், அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது பல்கலைக்கழகப் பேராசிரியர்.

சரி, பள்ளிக்கூடத்தைக் கொளுத்த வருகிறவனை யார் தடுப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. ஆனால் போரே பள்ளிக்கூடத்தை இலக்காக்கிவிடும். 2018 தேர்தலில் அங்கேயும் நம் ஊர் மாதிரியே பள்ளிகளை வாக்குச்சாவடி ஆக்கினார்கள். முந்தின வருஷம் 68 ஆக இருந்த பள்ளித் தாக்குதல்கள் அந்த வருஷம் 192 ஆயின என்று யுனிசெஃப் சொன்னது. 2021 மே மாதம் காபூலில் ஒரு பள்ளி வாசலில் குண்டு வெடித்து எண்பது பேருக்கு மேல் செத்தார்கள், பெரும்பாலும் மாணவிகள். அன்றைக்கும் அந்நியப் படை நாட்டுக்குள்தான் இருந்தது.

வெளியாள் அக்கறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பக்கத்து நூல் மில்களில் 'சுமங்கலித் திட்டம்' என்று சின்னப் பிள்ளைகளை ஹாஸ்டலில் அடைத்து வேலை வாங்கியதை வெளிநாட்டு அமைப்புகள் எழுதிய பிறகுதான் துணி வாங்குகிற கம்பெனிகள் கேள்வி கேட்டன. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு மேலே பேச இங்கே தொழிற்சங்கமும் கோர்ட்டும் இருந்தன.

இப்போது ஆப்கானிஸ்தானில் ஆறாவதுக்கு மேல் பெண்களுக்குப் பள்ளி இல்லை, 2022 டிசம்பரில் பல்கலைக்கழகமும் போனது, 2024 டிசம்பரில் நர்ஸ், பிரசவம் பார்க்கும் படிப்பும் போனது. படை இருந்திருக்கலாமா என்று இனிமேல் பேசி அவர்களுக்கு ஆவது ஒன்றுமில்லை. 2021 ஆகஸ்டில் நம் அரசு ஆப்கானியர்களுக்குக் கொடுத்திருந்த விசாக்களை ரத்து செய்தபோது, இங்கே படித்துக்கொண்டிருந்து ஊருக்குப் போயிருந்த மாணவ மாணவிகள் பலர் திரும்பி வர முடியாமல் நின்றார்கள். பெண்கல்விக்காக அடுத்த நாட்டில் என்ன செய்யலாம் என்று கேட்கிறவர்கள் அந்த விசாவைப் பற்றி நம்ம எம்பிக்களிடம் கேட்கலாம்.