கைவாள் போய் செயின்சோ வந்த பிறகு மரம் தறிப்பதில் உண்மையில் என்ன மாறியது? வீட்டு மாமரத்தை நானே வெட்டலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கோட்டேயில் மதிலுக்கும் கரண்ட் கம்பிக்கும் நடுவில் நிற்கிற மாமரத்தை, வாடகைக்கு எடுத்த செயின்சோவால், யூடியூப் பார்த்துவிட்டு நீங்களே வெட்டப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். ஏன் வேண்டாம் என்பது முதல் கேள்விக்கான பதிலுக்குள்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நான் இருபத்திரண்டு வருடமாகக் கொழும்பிலும் சுற்றுவட்டாரத்திலும் மரம் வெட்டுகிறேன், வீடு தெஹிவளையில். அப்பாவும் இதே தொழில்தான், ஆனால் ஹட்டன் பக்கத்தில், தேயிலைத் தொழிற்சாலை அடுப்புக்கு யூகலிப்டஸ் மரம் சாய்க்கிற வேலை. கோடரியும் இரண்டு பேர் பிடித்து இழுக்கிற வாளும்தான் அவருடைய ஆயுதம். வாளின் மறுமுனையை இழுத்துத்தான் நான் பழகினேன். அப்போது நான் சின்னப் பையன், அதனால் வாளைத் தள்ளிவிடுவேன், வாள் வளைந்து மரத்துக்குள் இறுகிவிடும். "தள்ளாதடா தம்பி, இழு. தள்ளுறது என் வேலை இல்ல, உன் வேலையும் இல்ல" என்பார். இரண்டு பேரும் இழுக்க மட்டும்தான் வேண்டும், எதிரே இருப்பவர் இழுக்கும்போது நாம் சும்மா விட்டுக்கொடுக்க வேண்டும்.

சரி, என்ன மாறியது? எல்லாரும் வேகம் என்பார்கள். உண்மைதான், கைவாளால் அரை மணித்தியாலம் இழுக்கிற பலாவை செயின்சோ ஓரிரு நிமிடத்தில் அறுத்துவிடும். ஆனால் என்னைக் கேட்டால் பெரிய மாற்றம் அது இல்லை. கைவாளில் மரம் விழுவதற்கு முன்னால் நம்மோடு பேசும். அப்பா பின்பக்கம் அறுத்துக்கொண்டே போவார், திடீரென்று கையைத் தூக்குவார், இரண்டு பேரும் நிறுத்துவோம். உள்ளே நார் ஒவ்வொன்றாகத் தெறிக்கிற சத்தம் கேட்கும். இன்னும் நான்கு இழுப்பு, அப்புறம் விலகு என்று அவர் அதைக் கேட்டுத்தான் முடிவு செய்வார். செயின்சோ ஓடும்போது அந்தச் சத்தம் எதுவும் காதில் விழாது, இயந்திரத்தின் இரைச்சல் 100 டெசிபலைத் தாண்டும், காதடைப்பான் இல்லாமல் வேலை செய்தால் சில வருடத்தில் காதே போய்விடும். ஆக இயந்திரம் நமக்கு வேகத்தைக் கொடுத்துவிட்டு, யோசிக்கிற நேரத்தையும் கேட்கிற காதையும் எடுத்துக்கொண்டது. அந்த இரண்டுக்கும் ஈடாக வெட்டு முறையில் ஒழுங்கு வந்தே ஆக வேண்டும். அது வராத இடத்தில்தான் ஆட்கள் சாகிறார்கள்.

மரத்தைச் சாய்ப்பது வாளோ கோடரியோ அல்ல, நாம் வெட்டாமல் விடுகிற பகுதிதான். மரம் விழ வேண்டிய பக்கத்தில் முதலில் ஆப்பு வடிவில் ஒரு துண்டை வெட்டி எடுப்போம், அப்பா அதை "வாய்" என்பார். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து அறுத்து வருவோம், ஆனால் வாயைத் தொடும்வரை அறுக்க மாட்டோம், நடுவில் ஒரு கீற்று மரம் அப்படியே நிற்கும். அதுதான் பிணைச்சல். கதவு எப்படி பிணைச்சலில் திரும்புகிறதோ அப்படி முழு மரமும் அந்தக் கீற்றில் மடங்கி இறங்க வேண்டும். கணக்காகச் சொன்னால், 50 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள மரத்துக்கு அந்தக் கீற்று சுமார் 5 சென்டிமீட்டர் தடிப்பாக, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மெலிந்தால் மரம் தடித்த பக்கத்துக்கு இழுபடும். முழுக்க அறுத்துவிட்டால் மரம் எங்கே வேண்டுமானாலும் போகும், யாராலும் பிடிக்க முடியாது. வாயின் அளவும் முக்கியம். முன்பு 45 பாகைதான் எடுப்போம். அப்படி எடுத்தால் மரம் பாதி சாயும்போதே வாய் மூடிக்கொண்டு பிணைச்சல் உடைந்துவிடும், மிச்சத் தூரம் மரம் தன் இஷ்டத்துக்கு விழும். 70 பாகைக்கு மேல் அகலமாகத் திறந்தால் கிட்டத்தட்ட நிலத்தைத் தொடும்வரை பிணைச்சல் பிடித்திருக்கும். கோடரிக்காரனுக்கு அவ்வளவு பெரிய வாய் எடுப்பது வீண் வேலை, செயின்சோவுக்கு அது சில விநாடி. இயந்திரம் வந்ததால் சுலபமான நல்ல பழக்கங்களில் இது ஒன்று.

இந்த இயந்திரமும் நாம் இப்போது பார்க்கிற மாதிரிப் பிறக்கவில்லை. ஜெர்மனியில் அன்ட்ரியாஸ் ஸ்டீல் 1926இல் செய்த மின்சார வாள் 64 கிலோ, 1929இல் வந்த பெற்றோல் வாள் 46 கிலோ. இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க வேண்டும், அதாவது கைவாளுக்கு என்ஜின் பூட்டிய மாதிரி. ஒரே ஆள் பிடிக்கிற பெற்றோல் வாளை அவர்கள் 1950இல் கொண்டுவந்தபோதும் அது 16 கிலோ. இன்றைக்கு நான் வைத்திருக்கிறது 6 கிலோவுக்குள். சங்கிலியின் கதை இன்னும் நல்லது. பழைய சங்கிலிப் பற்கள் கைவாள் பல் மாதிரியே மரத்தைச் சுரண்டும், சீக்கிரம் மொட்டையாகும். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்ற மரம் வெட்டுகிறவர் ஒரு மரக்கட்டைக்குள் வண்டின் புழு நாரின் வாக்கிலும் குறுக்கிலும் ஒரே மாதிரி கடித்துக்கொண்டு போவதைப் பார்த்து, அதன் தாடை போல இடமும் வலமும் வளைந்த பல் வைத்துச் சங்கிலி செய்தார். 1947இல் விற்பனைக்கு வந்தது. உங்கள் கையில் இருக்கிற வாடகை வாளின் சங்கிலியும் அநேகமாக அந்தப் புழுவின் தாடைதான்.

இப்போது என் சொந்த அனுபவம் ஒன்று. 2011இல் ஹோமாகம பக்கம் ஒரு ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்தேன். ஓடைப் பக்கமாக நன்றாகச் சாய்ந்த ஒரு அல்பீசியா மரம். பின்னேரத்துக்குள் லொறி ஏற்ற வேண்டும் என்று அவர் அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார். சாய்ந்த மரத்தில் முன்பக்கம் அமுக்கத்தில் இருக்கும், பின்பக்க நார் முறுக்கிய கம்பி மாதிரி இழுபட்டு நிற்கும். நான் வழக்கம்போல் பின்னாலிருந்து அறுத்தேன். பிணைச்சல் அளவுக்கு வருவதற்கு இன்னும் ஒரு சாண் இருக்கும்போதே அடிமரம் மேல்நோக்கி இரண்டாகப் பிளந்தது, ஆள் உயரத்துக்கு மேல் பிளந்து, பின்பக்கத் துண்டு உதைத்துக்கொண்டு வந்தது. நான் பக்கவாட்டில் நின்றதால் தப்பினேன். என் பின்னால் கயிறு பிடிக்க வந்த மச்சானின் தோள் எலும்பு உடைந்தது, எட்டு மாதம் அவருக்கு வேலை இல்லை. அந்த இடத்தில் அவரை நிற்க விட்டது என் பிழை, அதை நான் இன்றைக்கும் சுமக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் குத்தி அறுக்கிற முறையைத் தேடிப் படித்தேன். வாளின் நுனியை பிணைச்சலுக்குப் பின்னால் நேராக மரத்துக்குள் செலுத்தி, மறுபக்கம் வரை துளைத்து, அங்கிருந்து பின்னோக்கி அறுப்பது. கடைசியில் பின்பக்கம் ஒரு கீற்றை அப்படியே விடுகிறோம். அந்தக் கீற்று மரத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கும்போதே பிணைச்சலின் தடிப்பை நிதானமாகப் பார்க்கலாம், ஆப்பு இறுக்கலாம், ஆட்களை விலக்கலாம். எல்லாம் சரியென்றால் கடைசிக் கீற்றை அறுத்துவிட்டு, விழும் திசைக்குச் சாய்வாகப் பின்புறமாக, முன்பே துப்புரவாக்கி வைத்த வழியில் விலகிவிட வேண்டும். யோசிக்கிற நேரம் திரும்பவும் நம் கைக்கு வந்துவிடுகிறது, நான் மேலே சொன்ன இழப்புக்கு இதுதான் மருந்து. கைவாளால் இதைச் செய்யவே முடியாது, வாளுக்கு நுனி இல்லை. ஆனால் இதிலும் ஒரு பயங்கரம் இருக்கிறது: நுனியின் மேற்பாதி மரத்தில் பட்டால் வாள் முகத்தை நோக்கித் துள்ளும். கீழ்ப்பாதியால்தான் தொடங்க வேண்டும், சங்கிலியைச் சட்டென்று நிறுத்துகிற பிரேக் வேலை செய்ய வேண்டும். பிரேக் உடைந்த வாள்களைப் பலரும் சாதாரணமாகப் பாவிப்பதைப் பார்க்கிறேன், செருப்பும் சாரமும் தான் பாதுகாப்பு உடை. வயிறு எரிகிறது.

2022இல் பெற்றோல் வரிசை நாட்களில் செயின்சோ மூன்று வாரம் சும்மா கிடந்தது. அப்போது வெள்ளவத்தையில் ஒரு வயதான அம்மாவின் வீட்டுக் கூரைமேல் முறிந்த பலாவை எடுக்க வேண்டியிருந்தது. ஊருக்குப் போய் அப்பாவின் வாளைக் கொண்டுவந்து, துரு தேய்த்து, அரம் போட்டுப் பல் தீட்டி, நானும் என் மகனும் இழுத்தோம். பலாப்பால் ஒட்ட ஒட்ட மண்ணெண்ணெய் துணியால் துடைத்துத் துடைத்து. நடுவில் நான் கையைத் தூக்கி நிறுத்தினேன், மகன் ஏன் என்று பார்த்தான். கேள் என்றேன். உள்ளே நார் தெறிக்கிற சத்தத்தை அவன் அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டான். அடுத்த மாதம் செயின்சோவைத் தொட்டபோது அவன் கண் அறுப்பு இடைவெளியிலேயே இருந்தது, அது மயிரளவு விரிந்தாலும் உடனே சொல்லிவிடுகிறான். காது செய்த வேலையைக் கண் செய்யப் பழகிவிட்டது.

வெளிநாட்டுக் காட்டு இயந்திரங்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஸ்வீடன், பின்லாந்தில் ஆள் நிலத்தில் இறங்குவதே குறைவு. அவர் இயந்திரத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார், இயந்திரக் கையின் நுனியில் இருக்கிற ஒரே தலை மரத்தைப் பிடித்து, அறுத்து, கொப்பு உரித்து, நீளம் அளந்து துண்டாக்கிவிடும். அது ஒரே வயது மரம் வரிசையாக நிற்கிற காட்டுக்குச் சரி. இங்கே இலங்கையில் 1970களில் ஒட்டுப்பலகைக்காக சிங்கராஜா மழைக்காட்டுக்குள் இயந்திரங்களை இறக்கினார்கள், எதிர்ப்பு எழுந்து 1977இல் நிறுத்தினார்கள். 1988இல் அது உலக மரபுரிமை, 1990இலிருந்து இயற்கைக் காடுகளில் மரம் வெட்டவே தடை. நிறுத்தியது மிக நல்லது. ஆக நம்முடைய பலகை பெரும்பாலும் வீட்டுத் தோட்டத்திலிருந்தும் இறப்பர்த் தோட்டத்திலிருந்தும்தான் வருகிறது, மொரட்டுவையில் கட்டிலாகிற மரம் யாரோ ஒருவர் வீட்டு மதிலோரம் நின்றது. நமக்கு வேண்டியது பெரிய இயந்திரம் இல்லை, கயிறும் கப்பியும் ஏறுகிற பட்டியும் ஒழுங்கான பயிற்சியும். 2023 ஒக்டோபரில் கொள்ளுப்பிட்டியில் மரம் பஸ்ஸின் மேல் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். கறுவாத்தோட்டத்து மாரா மரங்களின் கீழ் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். அதற்காக எல்லாவற்றையும் அடியோடு வெட்ட வேண்டும் என்று சொல்லவில்லை, எது உள்ளே உளுத்திருக்கிறது, எந்தக் கொப்பைக் குறைத்தால் போதும் என்று பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் நிறையப் பேர் வேண்டும்.

தென்னை பற்றி ஒரு வார்த்தை, யாராவது கேட்பார்கள். பழந்தமிழில் தென்னை, பனையைப் புறக்காழ் என்று தனியாகப் பிரித்தார்கள், கடினமான வைரம் வெளியே, உள்ளே மென்மையான சோறு. பலா, மா எல்லாம் அகக்காழ், வைரம் உள்ளே. இது வெட்டுகிறவனுக்கு நேரடியாகப் பயன்படுகிற அறிவு. தென்னையின் விளிம்பு சங்கிலியைச் சீக்கிரம் மொட்டையாக்கும், மற்ற மரத்தின் பிணைச்சல் மாதிரி நம்பவும் முடியாது. சந்துக்குள் நிற்கிற தென்னையை நான் அடியில் வெட்டுவதே இல்லை, ஏறித் துண்டு துண்டாகக் கயிற்றில் இறக்குவேன்.

உங்கள் மாமரத்துக்கு வருவோம். முதலில் கம்பிக்கு மின்சாரக்காரர்களைக் கூப்பிடுங்கள், கம்பியில் கரண்டை நிறுத்தாமல் யாரையும் ஏறவிடாதீர்கள். பக்கத்தில் பலா இருந்தால் அதைத் தொட வேண்டாம், பலா வெட்ட பிரதேச செயலக அனுமதி வேண்டும், கிராம சேவகரிடம் தொடங்குங்கள். வருகிற ஆளிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: வாளின் பிரேக்கை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள், மரம் எந்தப் பக்கம் விழும் என்றும் அப்போது அவர் எந்தப் பக்கம் விலகுவார் என்றும் கேளுங்கள், அறுக்கும்போது தூள் பறக்கிறதா சீவல் விழுகிறதா என்று பாருங்கள். மாவு மாதிரித் தூள் வந்தால் சங்கிலி மொட்டை, அவர் பலம் போட்டு அமுக்குவார், அங்கேதான் விபத்து. நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்தில் நில்லுங்கள், படம் எடுக்கவும் கிட்டப் போகாதீர்கள்.

மரத்தின் அடியையும் சாய்வையும் இரண்டு பக்கத்திலிருந்து படம் எடுத்து இங்கே போட்டால், எத்தனை துண்டாக இறக்க வேண்டி வரும், கூலி நியாயமா என்று என்னால் சொல்ல முடியும்.